மனத் தேரை ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும்

“மனசு உன் கையில்.” எங்கள் பக்கத்து மேடைகளில் இப்போது அதிகம் ஒலிக்கும் வாக்கியம் இதுதான். காஞ்சிரங்குளம், பூவாறு, பாறசாலை என்று எந்த ஊரில் பள்ளி ஆண்டுவிழா நடந்தாலும், சபையில் வாலிபர் கூட்டம் நடந்தாலும், குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் குழுவின் அயல்கூட்டம் நடந்தாலும், பேச வருகிறவர் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. போனை அணைத்து வை. நாளுக்கு இருபது பக்கம் படி. விடியலில் எழுந்து நல்ல இசை கேள். மனம் தெளியும், ஆத்துமா தழைக்கும். முடியவில்லை என்றால் உனக்கு உறுதி போதவில்லை.

கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய் மூன்று நாள் முயல்கிறார்கள். நான்காம் நாள் தங்களையே நொந்துகொண்டு மறுபடி போனை எடுக்கிறார்கள். இந்த உபதேசம் தவறான காரணத்தைக் காட்டித் தவறான ஆளைக் குற்றவாளி ஆக்குகிறது என்பது என் வாதம். வாசிப்பும் பாட்டும் செய்தியும் இந்தக் கேரள-தமிழக எல்லைக் கிராமங்களுக்கு ஊர் சேர்ந்து உழைத்ததால் வந்தன. அந்தச் சேர்ந்த உழைப்பு நின்றதால் இன்று வற்றுகின்றன.

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். கவனம் அளவுள்ள பொருள்; குறுங்காணொளிக்குக் கொடுத்த மணி நேரம் புத்தகத்துக்குத் திரும்பி வராது. ஒருவருக்காக இன்னொருவர் படிக்க முடியாது. பசித்தவன்தான் உண்ண வேண்டும். நூல்களும் பாட்டுகளும் இன்று கையிலுள்ள அதே போனில் கொட்டிக் கிடக்கின்றன. ஆகவே மிச்சமிருக்கும் தடை மனத்தடை மட்டுமே. கடைசியாக, பழக்கத்தை மாற்றிக்கொண்ட பலர் உண்மையிலேயே தேறியிருக்கிறார்கள். இந்த நான்கில் முதலாவதையும் இரண்டாவதையும் நான்காவதையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது பொய். அந்தப் பொய்யின் மேல் நிற்பதால் முடிவும் பொய்யாகிறது. ஆறு மறுப்புகளைச் சொல்கிறேன்.

1. வாசிப்பு இந்த மண்ணில் யாருக்குத் தனிப் பழக்கமாக வந்தது?

பாலராமபுரத்துக்குப் பக்கத்தில் ஊரூட்டம்பலம் இருக்கிறது. 1910-களில் அங்கிருந்த அரசுப் பள்ளிக்கூடத்துக்கு, புலயர் குடியில் பிறந்த பஞ்சமி என்ற சிறுமியை ஒடுக்கப்பட்டோரின் தலைவர் வெங்ஙானூர் அய்யங்காளி அழைத்துப் போனார். ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளையும் சேர்க்கலாம் என்று அரசு ஆணை இருந்தும் பள்ளிக் கதவு திறக்கவில்லை. அவர் அவளை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தார். அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளி இன்றும் பாதுகாக்கிறது.

பஞ்சமிக்கு உறுதி குறைவாகவா இருந்தது? அவளுக்கு எதிரே நின்றது ஒரு சமூகம். அதை அசைத்ததும் ஒரு கூட்டம்தான். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் கால் வைப்பதில்லை என்று அய்யங்காளியின் பின்னே நின்ற உழைப்பாளிகள் முடிவெடுத்தார்கள். விதைப்பு நின்றது. பட்டினி கிடந்தார்கள். தாங்கள் ஒருநாளும் படிக்கப் போகாத எழுத்துக்காக, படிக்கத் தெரியாத பெரியவர்கள் பட்டினி கிடந்தார்கள். எங்கள் பக்கத்தில் வாசிப்பின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் வாயில் இது ஒருநாளும் வருவதில்லை.

அடுத்த அத்தியாயமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1945-ல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 நூலகங்களின் ஆட்களைக் கூட்டித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்துக்கு அடித்தளம் போட்டார். அவர் ஆள் ஆளாகப் போய் ‘நீ படி’ என்று சொல்லிவிட்டு நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய் ‘ஒரு வாயனசாலை (வாசகசாலை) திறங்கள்’ என்றார். 1970-களின் தொடக்கத்தில், காசர்கோட்டையும் எங்கள் பாறசாலையையும் இரு முனைகளாகக் கொண்டு வாசிப்புக்காக ஒரு நடைப்பயணமே நடந்தது. மூங்கில் தட்டியும் ஓலைக் கூரையும் போட்டு, வீட்டுக்கு ஒரு புத்தகம் வாங்கி, மாதச் சந்தா பிரித்து எழுப்பிய அறைகள் பிறகு கல் கட்டடங்களாயின. அவர் மறைந்த ஜூன் 19-ஐ இப்போது வாசிப்பு நாள் என்று கொண்டாடுகிறோம். அன்றைக்குத்தான் ‘மனசு உன் கையில்’ என்ற சொற்பொழிவும் தவறாமல் நடக்கிறது. அந்த மனிதர் தன் வாழ்நாளெல்லாம் செய்த வேலைக்கு நேர் எதிரான கருத்தை அவருடைய நினைவு நாளிலேயே பேசுகிறோம்.

2. புத்தகம் எங்கும் கிடைக்கிறதாம். எந்த மொழியில்?

1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இந்தப் புறம் வீட்டில் தமிழ் பேசிய குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளத்தில் படித்தார்கள். மலையாளம் எங்களுக்கு அந்நியம் இல்லை. சோறு போட்ட மொழி, அன்போடு கற்ற மொழி. ஆனாலும் பாட்டி கதை சொன்ன மொழியில் ஒரு பக்கம்கூட வாசிக்கத் தெரியாமல் வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அவர்களிடம் போய் ‘ஆத்துமாவுக்கு நெருக்கமான புத்தகம் ஒன்றை எடுத்துப் படி’ என்றால், எந்த அலமாரியிலிருந்து எடுப்பார்கள்?

தேங்காப்பட்டணத்து எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரானை நினைத்துப் பாருங்கள். மலையாள வழியில் படித்தவர். தன் ஊரின் தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதும் பயிற்சி அவருக்கு இல்லை. மலையாள எழுத்திலேயே தமிழை எழுதினார். வேறொரு கை அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிக் கொடுத்தது. அவருடைய ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்கு 1997-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அத்தனை பெரிய கலைஞனுக்கே தன் மொழிக்குள் நுழைய இன்னொருவரின் கை தேவைப்பட்டது. தறி நெய்கிறவரின் மகளுக்குத் தேவைப்படாதா?

அருவிப்புறத்தில் 1888-ல் சிவனை நிறுவிய நாராயண குரு தமிழிலும் மலையாளத்திலும் சமஸ்கிருதத்திலும் எழுதினார். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். நெய்யாற்றின் கரையில் மூன்று மொழிகளும் ஒரு மனத்துக்குள் ஒன்றையொன்று நெருக்காமல் குடியிருந்ததற்கு அவரே சாட்சி. அவர் கற்றது ஆசிரியர்களிடமிருந்து, உடன் படித்தவர்களிடமிருந்து. எந்த அலமாரியும் தானாக வந்து அவர் முன் திறக்கவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-ல் வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் அதற்குரிய வாசகரைச் சேர வேண்டும் என்பது அவற்றின் சாரம். அந்தக் கடமையை அவர் நூலகத்தின் தோளில் வைத்தார். போனில் ஆயிரம் நூல்கள் கிடக்கின்றன என்று சொல்வதால் இந்தக் கடமை நிறைவேறிவிடாது. கிடப்பது வேறு, கைக்கு வந்து சேர்வது வேறு. கடலில் மீன் கிடப்பதால் பூவாறில் எந்த அடுப்பிலும் குழம்பு கொதிப்பதில்லை.

3. பாட்டை மருந்துபோல வேளைக்கு ஒரு அளவு காதில் ஊற்றிக்கொள்ள முடியுமா?

உபதேசத்தின் இசைப் பகுதி இப்படித்தான் போகிறது: காதுக்குழாயை மாட்டு, சாந்தமான இசையைத் தேர்ந்தெடு, கண்ணை மூடு. இசையைத் தனியறை மருந்தாகப் பார்க்கும் இந்த எண்ணத்துக்கு என் அம்மையின் வாழ்க்கையே மறுப்பு.

அம்மைக்குப் பள்ளிக்கூடம் இரண்டு வருடம்தான் வாய்த்தது. பகலெல்லாம் தறிக்குழியில் கால் தொங்க நெய்வாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் விரல் எந்த வரியில் ஓடுகிறதோ, அந்த வரியில் தன் விரலையும் ஓட்டுவாள். ராகம் தெரியும், சொல் காதில் இருக்கும், எழுத்துதான் தெரியாது. பாடப் பாட எழுத்து பிடிபட்டது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள்தான் அவளுடைய அரிச்சுவடி. நாற்பது வயதுக்குமேல் அவள் செய்தித்தாளை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவளுக்கு வாசிப்பைக் கற்றுக்கொடுத்தது பாட்டு. பாட்டைக் கற்றுக்கொடுத்தது கூட்டம். இதில் அவள் ‘உறுதி’ எடுத்துக்கொண்ட நாள் என்று ஒன்று கிடையாது.

காஞ்சிரங்குளத்துக்கு அடுத்த திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரிகள் மலையாளத்தில் இயற்றிய கிறிஸ்தவப் பாடல்கள் கர்நாடக இசையின் ராகங்களில் அமைந்தவை. கச்சேரி அரங்குக்குள் கால் வைக்க வாய்ப்பில்லாத பனையேறிகளும் கூலிக்காரர்களும் அந்த ராகங்களைச் சபையில் சேர்ந்து பாடியே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். வில்லுப்பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாடு முதல் எங்கள் பக்கம் வரை அம்மன் கொடை, மாடன் கொடை என்றால் இரவு முழுக்க வில்லடி. பாயை விரித்து, குழந்தையை மடியில் போட்டு, விடியும்வரை ஒரே கதையைப் பின்தொடர்ந்தவர்கள் எங்கள் பாட்டிமார். அவர்களுக்குக் கவனப் பயிற்சி யாரும் கொடுக்கவில்லை. பக்கத்தில் ஊர் உட்கார்ந்திருந்தது, அதனால் அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி நேரம் நிலைக்காத கவனம் என்று இன்று நாம் வருந்துகிற அதே மனித மூளைதான் அன்று எட்டு மணி நேரம் நிலைத்தது. மாறியிருப்பது அதைச் சுற்றியுள்ள ஏற்பாடு.

இன்னும் ஒரு சாட்சி. ஒவ்வொரு வருடமும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் புறப்பட்டு, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். கல்விக்கும் இசைக்கும் உரிய தேவி எங்கள் தெரு வழியே ஊர்வலமாகப் போவதை வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் போய் அமர்கிற நவராத்திரி மண்டபத்தில் நெடுங்காலம் பெண்கள் பாட முடியாது. 2006-ல் அந்த வழக்கத்தை உடைத்துப் பாடியவர், 1924-ல் பாறசாலையில் பிறந்த பொன்னம்மாள். அப்போது அவருக்கு 81 வயது. திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி, திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரிக்கு முதல் பெண் முதல்வர், 2017-ல் பத்மஸ்ரீ. இவரைவிட உறுதி யாருக்கு இருந்திருக்க முடியும்? அந்த உறுதிக்கும் கதவு திறக்க 81 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்தவர்களும் வேண்டியிருந்தார்கள். ஒருவருடைய உறுதி மட்டுமே போதும் என்றால் பொன்னம்மாள் இருபது வயதிலேயே அங்கே பாடியிருப்பார்.

4. கவனத்தைப் பறித்தவரை விட்டுவிட்டு, பறிகொடுத்தவரை ஏன் கேள்வி கேட்கிறோம்?

போன் திரையில் விரல் வைத்தால் பக்கம் முடியாமல் வந்துகொண்டே இருக்கிறது. இது இயற்கையாக நடக்கும் ஒன்றல்ல. முடிவில்லாமல் ஓடும் அந்தத் திரையை 2006-ல் வடிவமைத்த ஏசா ரஸ்கின் என்ற பொறியாளரே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். புத்தகத்துக்கு அத்தியாய முடிவு உண்டு, கச்சேரிக்கு மங்களம் உண்டு, வில்லுப்பாட்டுக்கு வாழி உண்டு. ‘இனி எழுந்து போ’ என்று சொல்லும் இடம் எல்லாக் கலையிலும் இருக்கிறது. அந்த இடத்தைத் திட்டமிட்டு அழித்துவிட்டு, எழுந்து போகாதவனைப் பார்த்து ‘உனக்குக் கட்டுப்பாடு இல்லை’ என்பது நியாயமா?

தடை போட்டால் தீர்ந்துவிடும் என்பவர்கள் 2020-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கோடிக்கணக்கானவர்களின் போனிலிருந்து ஒரே நாளில் ஒரு பழக்கம் பிடுங்கப்பட்டது. தனிமனிதர் எடுக்கக்கூடிய எந்த உறுதியும் இவ்வளவு முழுமையாக இருக்காது. நடந்தது என்ன? ஜூலை மாதமே இன்ஸ்டாகிராம் ‘ரீல்ஸ்’ இங்கே வந்தது. அந்த இடம் நிரம்பிவிட்டது. மாலை ஆறு மணிக்குப் போக வேறு இடமில்லாதவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினால், அடுத்து கைக்கு எட்டுவதை அவர் எடுத்துக்கொள்வார். வெற்றிடம் வெற்றிடமாக நிற்காது.

செய்தியின் தரத்துக்கு யார் பொறுப்பு என்பதிலும் நெய்யாற்றின்கரைக்கு ஒரு பெரிய பாடம் உண்டு. 1878-ல் இங்கே பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை ‘சுதேசாபிமானி’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்து திவானின் ஆட்சியை எழுத்தால் எதிர்த்தார். 1910 செப்டம்பர் 26-ல் அவரைத் திருவிதாங்கூரை விட்டு வெளியேற்றினார்கள். பத்திரிகையின் உரிமையாளர் வக்கம் மௌலவிக்குச் சொந்தமான அச்சுக்கூடமும் பறிமுதலானது. நாடு கடத்தப்பட்ட பின்னும் அவர் சோரவில்லை. பத்திரிகைத் தொழிலின் நெறிகளைப் பற்றி ஒரு நூல் எழுதி 1912-ல் வெளியிட்டார். 1916-ல் கண்ணூரில் நோயோடு இறந்தார். நல்ல செய்தி தருவது செய்தி தருபவரின் கடமை என்பதற்கு அவர் கொடுத்த விலை அது. இன்று நாம் அந்தக் கடமையைத் தலைகீழாக்கிவிட்டோம். பொய்யை அனுப்புகிறவர் அனுப்பட்டும், வெறுப்பை விற்கிறவர் விற்கட்டும், வாசகனே விழிப்போடு இருந்துகொள்ளட்டும் என்கிறோம். கெட்ட மீனை விற்றவனை விட்டுவிட்டு, வாங்கித் தின்று வயிறு நொந்தவனுக்கு மூக்கு சரியில்லை என்று சொல்லும் நியாயம் இது.

5. விடியல் ஐந்து மணி யாருக்குச் சொந்தம்?

ஒரு வாசிப்பு நாளில், ஒரு பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர், “வீட்டில் தினமும் புத்தகம் படிக்கிற அம்மாமார் கையைத் தூக்குங்கள்” என்றார். இரண்டு கைகள் எழுந்தன. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த அக்கன் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர். விடியலுக்கு வெகுமுன்பே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பால் எடுத்து, வந்து சோறு பொங்கி, பிள்ளையை அனுப்பிவிட்டு அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். “எனக்கு எங்க நேரம் கெடக்கு, மோளே?” என்று என் காதருகே சொன்னார். அதில் சாக்கு இல்லை. கணக்கு இருந்தது.

விடியலைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடிகிறவர்களுக்கு எழுதப்பட்ட உபதேசம் அது. ஓய்வு நேரம், தனியறை, அமைதி என்ற மூன்றும் இருப்பவரிடம் சொன்னால் பலிக்கும். இல்லாதவரிடம் சொன்னால், ஏற்கெனவே சுமக்கிற பாரத்தோடு ஒரு வெட்கத்தையும் ஏற்றிவிடுவதுதான் மிச்சம். அந்த வெட்கத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதை எந்தப் பேச்சாளரும் கவனிப்பதில்லை.

பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்தது யார் என்றும் நேர்மையாகக் கேட்போம். 2020 ஜூன் 1-ம் தேதி கேரளத்தில் பள்ளி ஆண்டு ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சியிலும் போனிலும் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் வேறு வழியில்லை. அரசைக் குறை சொல்ல மாட்டேன். கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்த பெற்றோர் இந்த ஊர்களில் நிறைய. கல்விக்கென்று நாமே கொடுத்த கருவியைச் சில வருடங்களில் பாவமென்று பிடுங்குகிறோம். இடையில் அந்தப் பிள்ளைக்கு வேறு எதையும் கொடுக்கவில்லை.

அந்தக் காலத்திலேயே இதற்கான விடையும் இருந்தது. வீட்டில் தொலைக்காட்சி இல்லாத பிள்ளைகளுக்காக வாயனசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டி வைத்தார்கள். பிள்ளைகள் இடைவெளி விட்டு உட்கார்ந்து, ஒரே திரையைச் சேர்ந்து பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பாடம் முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டுப் பேசினார்கள். திரை அதேதான். அதைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்ததால் அது பாடமானது. அதே பிள்ளை வீட்டு மூலையில் தனியாகப் பிடித்த திரை பொழுதைத் தின்றது.

6. “ஆனால் வாசிப்பது தனிமையில்தானே?”

எதிர்த் தரப்பின் மிகச் சிறந்த கேள்வி இது. ஆம், பக்கத்தைப் புரட்டும் நேரத்தில் வாசகர் தனியாகத்தான் இருக்கிறார். அந்தத் தனிமை புனிதமானது. அதைக் காப்பதற்காகத்தான் இவ்வளவும் பேசுகிறேன். ஆனால் புத்தகத்துக்கு முன்னும் பின்னும் மனிதர்கள் இருக்கிறார்கள். ‘இதைப் படி’ என்று கையில் கொடுத்தவர் ஒருவர். படித்து முடித்தபின் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்பவர் இன்னொருவர். இந்த இருவரும் இல்லாத ஊரில் புத்தகம் அலமாரிக்குள் கறையான் தின்னக் கிடக்கும்.

தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் சாயாக்கடைகளில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, பத்துப் பேர் கேட்ட காலம் இருந்தது. படிக்கத் தெரியாதவரும் அங்கே வாசகர்தான். வாதம் செய்தார், மறுத்தார், மறுநாளும் வந்தார். 1943-ல் தொடங்கிய திருவனந்தபுரம் வானொலியின் நிகழ்ச்சிகளையும், கடல் தாண்டித் தெளிவாக வந்த இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுகளையும் ஒரு பெட்டியைச் சுற்றித் தெருவே கேட்டது. ஒருவர் கேட்டதை எல்லோரும் கேட்டதால் மறுநாள் அதைப் பற்றிப் பேச முடிந்தது. இன்று ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு திரைகளில் நான்கு உலகங்களைப் பார்க்கிறார்கள். இரவுச் சோற்றின்போது பேசுவதற்குப் பொதுவாக ஒன்றும் இல்லை. இதற்கு ‘நீயும் தனியாக ஒரு புத்தகத்துக்குள் போ’ என்பதைத் தீர்வாகச் சொன்னால் ஐந்தாவது உலகம் ஒன்று முளைக்கும். வீடு சேராது.

அந்தக் காலமே பொற்காலம் என்றும் நான் சொல்லவில்லை. சாயாக்கடை பெஞ்சில் பெண்களுக்கு இடமில்லை. சிலருக்குத் தனிச் சிரட்டை இருந்தது. கோயில் மண்டபமும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பழைய கூட்டங்களின் கொடுமைகளைக் களைந்து, எல்லோரும் நுழையக்கூடிய கூட்டங்களைக் கட்டத்தான் அய்யங்காளியும் குருவும் பணிக்கரும் பாடுபட்டார்கள். நாம் கொடுமைகளோடு சேர்த்துக் கூட்டத்தையும் கைவிட்டுவிட்டோம்.

அப்படியானால் தனிமனிதர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லையா? செய்ய வேண்டும். நானும் இரவில் போனை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனால் அது என்னால் முடிவதற்குக் காரணம், படுக்கைப் பக்கத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. அதைக் கொடுத்த தோழி வெள்ளிக்கிழமை அதைப் பற்றிக் கேட்பாள். அந்தத் தோழி இல்லாதவருக்கு முதலில் அவளைப் போல் ஒருத்தியைக் கொடுங்கள். அதற்குப் பிறகு உறுதியைப் பற்றிப் பேசலாம்.

ஊரால் செய்யக்கூடியவை எவை என்று கேட்பவர்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன். கேரளப் பொது நூலகச் சட்டம் 1989-ல் வந்தது. கட்டட வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். ஆகவே வாயனசாலை யாரும் இடும் பிச்சை அல்ல, நம் பணத்தில் நடப்பது. வேலைக்குப் போகிறவர் திரும்பும் நேரத்தில் அது திறந்திருக்க வேண்டும். எல்லோரும் வேலையில் இருக்கும் நேரத்தில் திறந்து, அவர்கள் வருவதற்குள் பூட்டுவதால் பயனில்லை. எல்லைக் கிராமங்களின் ஒவ்வொரு வாயனசாலையிலும் தமிழ் அலமாரி ஒன்று வேண்டும். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ம், சாலைத் தெருவை எழுதிய ஆ. மாதவனும், நீல பத்மநாபனும் அதில் இருக்க வேண்டும். எங்கள் பேச்சும் எங்கள் பனைமரங்களும் எழுத்தாகியிருப்பதை எங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும். வாரம் ஒரு மாலை உரக்க வாசியுங்கள். எழுத்துத் தெரியாதவரும் வரட்டும். சபையின் குவயரும் கோயில் பஜனைக் குழுவும் பயிற்சி செய்யும் அறைக்குள் பாடத் தெரியாத பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்தபின் அரைமணி நேரம் ஒரு கதைக்குக் கொடுங்கள். ரப்பர் வெட்டும் அக்கன் காதால் படிக்கட்டும்.

உபதேசம் செய்வது சுலபம். அதற்கு மேசையும் மைக்கும் போதும். வாயனசாலையை மாலையில் திறந்து வைப்பதற்கு ஆள் வேண்டும், விளக்கு வேண்டும், கூட்டம் சேரும்வரை சில வாரங்கள் தனியாக உட்கார்ந்திருக்கும் பொறுமை வேண்டும். உறுதி என்ற சொல்லை அப்படிக் காத்திருப்பவருக்காக வைத்துக்கொள்வோம். அடுத்த முறை ஒருவர் மேடையேறி ‘மனசு உன் கையில்’ என்று தொடங்கினால், எழுந்து நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: நம் ஊர் வாயனசாலையின் சாவி யார் கையில் இருக்கிறது?